கோவில் மலரின் ஆங்கிலப் பக்கங்கள்: எந்தச் சொல்லுக்குப் பெரிய எழுத்து?

■ அலைகரை (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்றின் கும்பாபிஷேக மலருக்கு ஆங்கிலப் பக்கங்களைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. தமிழ் 60 பக்கம், சிங்களம் 8, ஆங்கிலம் 14. தமிழும் சிங்களமும் அச்சகத்துக்குப் போய்விட்டன. அந்த 14 பக்கத்தில்தான் மூன்று கிழமையாக நிற்கிறோம். எல்லாம் பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பிரச்சினை.

மூன்றாம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோவில்' என்ற சொல் அதில் ஒன்பது தடவை வருகிறது. ஐந்து இடத்தில் அதன் ஆங்கில முதலெழுத்தான கே பெரிது, நாலு இடத்தில் சின்னது. தேர், கொடியேற்றம், குருக்கள், பிரசாதம் எல்லாமே ஒரு வரியில் பெரிய எழுத்தோடும் அடுத்த வரியில் சின்ன எழுத்தோடும் நிற்கின்றன. முருகனைக் குறித்து, கடவுள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லாகிய 'காட்' என்று எழுதியவர் ஓரிடத்தில் சின்ன ஜி போட்டிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு மலர்க்குழுவில் மூத்தவர் ஒருவர், "அவர்களுடைய கடவுளுக்குப் பெரிய எழுத்து, எங்களுடைய கடவுளுக்குச் சின்ன எழுத்தா?" என்று கேட்டார். அவர் கோபத்தில் கேட்கவில்லை, மனம் நொந்துதான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சமயத்தோடு சேர்ந்ததெல்லாம் பெரிய எழுத்தில் வரட்டும், பிரச்சினை முடிந்தது என்கிறார் இன்னொருவர். அப்படிச் செய்தால் பக்கம் முழுக்க மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது, வாசிக்க முடியவில்லை. இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கத்தானே வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

■ அச்சுமை (தெமட்டகொடை)

தங்கச்சி, நான் 26 வருடம் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவன். முதலில் தமிழ்ப் பக்கம், பிறகு ஆங்கிலப் பக்கம். இந்தச் சண்டையை அங்கே ஒவ்வொரு ஆடிவேலுக்கும் பார்த்திருக்கிறேன்.

ஒழுங்கு ஒன்று இருக்கிறது, கஷ்டமானதும் இல்லை. அந்தச் சொல் அந்த இடத்தில் ஒன்றின் பெயராக நிற்கிறதா, அல்லது அது என்ன வகை என்று சொல்கிறதா என்று பாருங்கள். பெயராக நின்றால் பெரிய எழுத்து, வகையைச் சொன்னால் சின்ன எழுத்து. "நாங்கள் கோவிலுக்குப் போனோம்" என்றால் கே சின்னது. "மயூரபதி ஸ்ரீ பத்திரகாளி அம்மன் கோவில்" என்று முழுப் பெயரையும் எழுதினால் கடைசியில் வரும் கோவிலும் அந்தப் பெயரில் ஒரு துண்டு, அதனால் கே பெரிது. அடுத்த வரியில் "அந்தக் கோவிலின் தேர்" என்று வந்தால் திரும்பவும் சின்னது.

செட்டியார் தெருவை நினைத்துப் பாருங்கள். அங்கே பழைய கதிரேசன் கோவில், புதிய கதிரேசன் கோவில் என்று இரண்டு இருக்கின்றன. பழைய, புதிய என்பவை மற்ற இடங்களில் சாதாரண அடைமொழிகள். இங்கே இரண்டும் பெயரோடு ஒட்டிவிட்டன. அவற்றின் முதலெழுத்து ஆங்கிலத்தில் பெரிதாக வராவிட்டால், கதிரேசன் கோவில் ஒன்றுதான், அது பழையதாகிவிட்டது என்று வெளியூர்க்காரன் நினைப்பான். ஒரு வருடம் எங்கள் பக்கத்தில் அப்படியே அச்சாகி, மறுநாள் திருத்தம் போட்டோம்.

வேலும் அப்படித்தான். முருகன் கையில் இருக்கும் வேலுக்குச் சின்ன வி. ஆடி மாதத்தில் கொழும்பு வீதியில் தேர் போகிற விழாவை இந்த ஊரில் சிங்களவரும் 'வேல்' என்றுதான் சொல்கிறார்கள். அது விழாவின் பெயர், அதற்குப் பெரிய வி. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரலாம்.

தீபாவளி, தைப்பொங்கல், மகா சிவராத்திரி, வெசாக், ரமழான் எல்லாம் பெயர்கள், பெரிய எழுத்துதான். பூசை, அபிஷேகம், அர்ச்சனை, பிரசாதம், காவடி எல்லாம் செயலும் பொருளும், அவற்றுக்குச் சின்ன எழுத்து. குருக்கள் என்ற சொல் ஒருவரின் பெயருக்குப் பின்னால் சேர்ந்து வந்தால் பெரிது, "குருக்கள் தீபம் காட்டினார்" என்றால் சின்னது. இந்து, சைவம், பௌத்தம், இஸ்லாம் என்ற சமயப் பெயர்களும் அவற்றிலிருந்து வரும் அடைமொழிகளும் எப்போதும் பெரிது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

■ பதிபசுபாசம் (கொட்டாஞ்சேனை)

அச்சுமை ஐயா சொன்ன கோவில் விஷயம் சரி. ஆனால் பிள்ளை கேட்டது அதையல்ல. மூத்தவர் நொந்தது ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்கு இப்போது 71 வயது, சைவநெறி படிப்பித்து ஓய்வு பெற்றவன். 14 வயதில் ஓர் ஆங்கிலக் கட்டுரையில் சிவபெருமானைக் குறித்து 'காட்' என்று எழுதிப் பெரிய ஜி போட்டேன். திருத்தியவர் அதைச் சிவப்பு மையால் வெட்டிச் சின்ன ஜி ஆக்கி, "உங்களுக்குக் கடவுள் பலர்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். எந்தப் பாடசாலை, யார் என்பது இப்போது தேவையில்லை. அந்தச் சிவப்புக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் சித்தாந்தம் சொல்வது என்ன? பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) என்று மூன்று பொருள். பதி ஒன்றே. உயிர்கள் பல. ஒன்றே என்று நாங்கள் வணங்கும் பொருளைப் 'பலரில் ஒருவர்' ஆக்கிச் சின்ன எழுத்தில் எழுத அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

■ அச்சுமை (தெமட்டகொடை)

ஐயா, அந்த இடத்தில் நீங்கள் போட்டதுதான் சரி. திருத்தியவர்தான் பிழை விட்டிருக்கிறார். ஒரே பரம்பொருளை அந்தச் சொல்லால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், அதனால் பெரிய ஜி. அதை எழுதியவர் எந்தச் சமயத்தவர் என்பது இதில் வரவே வராது.

கிறிஸ்தவர்களின் ஆங்கில வேதாகமத்திலும் இரண்டு ஜியும் இருக்கின்றன. பத்துக் கட்டளையின் தொடக்கத்தில், "நானே உன் கடவுள்" என்ற இடத்தில் பெரிய ஜி. "வேறு கடவுளர் உனக்கு இருத்தல் ஆகாது" என்ற இடத்தில் சின்ன ஜி. ஆங்கிலக்காரன் தன்னுடைய வேதத்திலேயே அதைச் சின்னதாகத்தான் அச்சடித்தான்.

■ மும்மொழி (நுகேகொடை)

நான் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்குகிறேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, இலங்கை ஆங்கிலத்துக்கு இதில் ஒரு தனி வழக்கு இருக்கிறது. இங்கே பத்திரிகைகள் 'காட் கதரகம', 'காட் விஷ்ணு', 'காட் நாத' என்று தெய்வத்தின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை ஒரு பட்டம்போல வைத்து எழுதுகின்றன. பட்டமாக நின்றால் பெரிய ஜிதான், ஜனாதிபதி என்ற சொல் பெயருக்கு முன்னால் வரும்போது எழுதுவது மாதிரி. 'லோர்ட் முருகன்' என்றாலும் அதே. ஆனால் முன்னால் 'த' என்ற ஆங்கிலச் சுட்டுச்சொல்லைச் சேர்த்து 'த காட் முருகன்' என்று எழுதினால் அது பட்டம் இல்லை, வகை. அப்போது சின்ன ஜி. அலைகரை அக்கா, உங்கள் மூன்றாம் பக்கத்தில் அந்தச் சின்ன ஜிக்கு முன்னால் 'த' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதியவர் இலக்கணப்படிதான் எழுதியிருக்கிறார், அவமதிக்கவில்லை. 'த'வை எடுத்துவிட்டால் பெரிய ஜி தானாக வந்துவிடும், மூத்தவரும் நோகமாட்டார்.

அடுத்தது 'டெம்பிள்' என்ற சொல். இந்தியாவிலிருந்து வரும் ஆங்கிலத்தில் எங்கள் கோவில்களை அப்படி எழுதுவார்கள். இலங்கையில் அந்தச் சொல்லைக் கேட்டால் விகாரைதான் முதலில் மனதில் வரும். இந்துக்களின் ஆலயத்துக்கு இங்கே ஆங்கிலத்திலும் கோவில்தான். அதனால் மலரில் 'கோவில்' என்றே விடுங்கள், சாய்வெழுத்தும் வேண்டாம். அது இந்த நாட்டு ஆங்கிலத்தில் எப்போதோ குடியேறிய சொல்.

சிங்களப் பக்கத்தை யாராவது தமிழோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சிங்களத்தில் 'தேவாலய' என்றால் தெய்வங்களுக்கான ஆலயம். கண்டியில் நாத, விஷ்ணு, கதரகம, பத்தினி என்று நாலு தேவாலயங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தமிழில் தேவாலயம் என்றால் சேர்ச். ஒரு தடவை காணிப் பத்திரம் ஒன்றில் சிங்களத் தேவாலயத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து, அந்தத் தமிழிலிருந்து இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றியபோது அம்மன் கோவிலின் காணி கிறிஸ்தவ ஆலயத்தின் காணியாக மாறிவிட்டது. பெரிய எழுத்து சின்ன எழுத்தெல்லாம் அதில் ஒழுங்காகவே இருந்தன. அதைத் திருத்த நான் ஆறு மாதம் அலைந்தேன்.

■ அலைகரை (வெள்ளவத்தை)

மும்மொழி, பார்த்தேன். 'த' இருக்கிறது! இன்றைக்கே மூத்தவருக்குச் சொல்கிறேன். மிகவும் நன்றி.

■ கொச்சிக்கடை அந்திமணி

நான் கத்தோலிக்கக் குடும்பம். நாங்களும் 'கோவில்' என்றுதான் சொல்கிறோம், அதை இங்கே பதிந்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் 'புனித அந்தோனியார் திருத்தலத்துக்குப் போகிறேன்' என்று சொல்லமாட்டோம். 'அந்தோனியார் கோவிலுக்குப் போகிறேன்' என்போம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே திருநீற்றோடு நிற்பவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மடுவும் எங்களுக்கு மாதா கோவில்தான். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சொல் எங்களிடமிருந்து போய்விடுகிறது. தமிழ்க் கோவில் எல்லோருக்கும் பொது, ஆங்கிலத்துக் கோவில் இந்துக்களுக்கு மட்டும்.

பெரிய எழுத்தைப் பற்றி ஒன்று. தமிழில் பெரிய எழுத்து இல்லை என்கிறோம். ஆனால் எங்கள் பூசைப் புத்தகத்தைத் திறந்தால் அந்த வேலையைத் 'திரு' செய்கிறது. சபை என்றால் ஏதோ ஒரு கூட்டம், திருச்சபை என்றால் ஒன்றுதான். தந்தை என்றால் பங்குச் சுவாமியாக இருக்கலாம், வீட்டில் அப்பாவாக இருக்கலாம். திருத்தந்தை என்றால் பாப்பரசர். பலி வேறு, திருப்பலி வேறு. ஆங்கிலத்தில் இவற்றையெல்லாம் பெரும்பாலும் முதலெழுத்தைப் பெரிதாக்கித்தான் காட்டுகிறார்கள். எங்களுக்கு வாயால் சொல்லும்போதே வித்தியாசம் கேட்கிறது.

■ பதிபசுபாசம் (கொட்டாஞ்சேனை)

பிள்ளை நல்ல விஷயம் சொன்னாய். எங்களுக்கும் அதேதான். நீறு அடுப்பிலும் இருக்கும், திருநீறு நெற்றிக்கு மட்டும். முறை ஆயிரம், திருமுறை பன்னிரண்டு.

■ மாளிகாவத்தை வாசகன்

அஸ்ஸலாமு அலைக்கும். சமயப் பெயர்கள் பற்றிய பேச்சு என்பதால் நானும் வருகிறேன்.

எங்களிடம் 'கள்' அந்த வேலையைச் செய்கிறது. 'நபிகள்' என்று எழுதினால் இலக்கணப்படி பன்மை. ஆனால் தமிழ் முஸ்லிம் யாரும் அதைப் பலர் என்று எடுக்கமாட்டார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரைத்தான் அது குறிக்கும். இறைத்தூதர்கள் பலரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் 'நபிமார்கள்' என்போம். ஆங்கிலத்தில் இதையே 'புரொஃபெட்' என்ற சொல்லில் பெரிய பி, சின்ன பி என்று பிரிக்கிறார்கள். பெரிய பியோடு 'த' சேர்ந்தால் ஒருவர், சின்ன பியும் பன்மையும் என்றால் பலர். எழுத்தின் அளவில் அவர்கள் வைத்ததை நாங்கள் விகுதியில் வைத்திருக்கிறோம்.

அல்லாஹ் என்பது பெயர், ஆங்கிலத்தில் எப்போதும் பெரிய எழுத்துதான். ஆனால் அரபு எழுத்தில் பெரியது சின்னது என்ற பிரிவே கிடையாது. எபிரேயத்திலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. குர்ஆன் அரபியில் எழுதப்பட்டபோது இறைவனின் பெயரும் மற்ற எழுத்துகளின் அளவில்தான் இருந்தது. அதனால் மரியாதை குறைந்துபோகவில்லை. மூத்தவருக்கு இதையும் சொல்லுங்கள்.

அப்புறம், கோவிலும் பள்ளியும் பெயரைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் இது. பெற்றா இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலை எங்கள் பெரியவர்கள் 'சம்மாங்கோட்டுப் பள்ளி' என்றுதான் சொல்வார்கள். பம்பலப்பிட்டியில் உங்கள் கோவிலுக்கும் சம்மாங்கோடு என்ற பெயர் இருக்கிறது. மலரில் அந்தப் பெயர் எங்காவது வந்தால், அது முழுப் பெயராக வருகிறதா என்று பாருங்கள். 'சம்மாங்கோடு' என்று மட்டும் பெரிய எழுத்தில் போட்டால் எது என்று தெரியாது.

■ அலைகரை (வெள்ளவத்தை)

நானா, வருகிறது. ஆடிவேல் பற்றிய கட்டுரையில் இரண்டு இடத்தில். முழுப் பெயராக மாற்றிவிட்டேன்.

■ மருதமுனைப் பொடியன் (இப்போது கொழும்பு 6)

எனக்கு ஒரு சந்தேகம். அம்பாறை மாவட்டத்தில் 'திருக்கோவில்' என்று ஊரே இருக்கிறது. "நேற்றுத் திருக்கோவிலுக்குப் போனேன்" என்று தமிழில் எழுதினால் ஊருக்குப் போனேனா, கும்பிடப் போனேனா? ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இந்த இடத்தில் தமிழுக்கு அது இல்லாதது குறைதானே?

■ அச்சுமை (தெமட்டகொடை)

தம்பி, பத்திரிகையில் நாங்கள் "திருக்கோவில் பிரதேசத்துக்கு" என்று ஒரு சொல் கூட்டிப் போடுவோம். அவ்வளவுதான். பேச்சில் கேட்பவருக்கு இடம் பார்த்தே விளங்கிவிடும். ஆங்கிலத்திலும் பேச்சில் பெரிய எழுத்து கேட்காதே.

■ பதிபசுபாசம் (கொட்டாஞ்சேனை)

தம்பியின் கேள்வி என்னை இரவு முழுக்க யோசிக்க வைத்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ஒரு சொல் எப்போது பெயராகிறது? சைவர்களுக்கு அடைமொழி இல்லாமல் 'கோயில்' என்றால் சிதம்பரம். வைணவர்களுக்கு அதே சொல் திருவரங்கம். கோ என்றால் தலைவன், இல் என்றால் வீடு, இரண்டும் சேர்ந்த பொதுச்சொல்தான் அது. எந்த எழுத்தையும் பெரிதாக்காமல், எதையும் முன்னால் ஒட்டாமல், சும்மா நிற்கும்போது பெயராகிவிட்டது. வெறுமையாக நிற்பதே அதற்கு அடையாளம். வேறு கோயிலைச் சொல்ல வேண்டுமென்றால் ஊரையோ தெய்வத்தையோ சேர்க்க வேண்டும்.

எங்கள் கொட்டாஞ்சேனையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பொன்னம்பல முதலியார் 1856இல் அமைத்த கோவில், பிறகு சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912இல் கருங்கல்லாகக் கட்டி முடித்தது. பெயர் ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர். பொன்னம்பலம் என்பது அமைத்தவரின் பெயர். சிதம்பரத்தில் ஆடுகிறவரின் அம்பலமும் பொன்னம்பலம்தான். பொன், அம்பலம் என்று இரண்டு சாதாரணச் சொற்கள் ஒட்டி இடமாகி, அந்த இடம் இறைவன் பெயராகி, இறைவன் பெயர் மனிதனுக்கு வந்து, அந்தப் பெயர் கொழும்பில் ஒரு கோவிலின் வாசலில் நிற்கிறது. கல்வாசலைத் தாண்டி உள்ளே போனால் வெளியே எவ்வளவு வெயிலாக இருந்தாலும் காலடியில் தரை குளிரும். அங்கே நின்று அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தால் எங்கே பொதுச்சொல் முடிந்து எங்கே பெயர் தொடங்குகிறது என்று கோடு போட முடியாது.

பிள்ளையாரும் அப்படித்தான். பிள்ளை என்பது வீட்டுச் சொல். 'ஆர்' சேர்ந்தவுடன் அரசடியில் இருப்பவர் ஒருவரைத்தான் குறிக்கும்.

சின்ன ஜி பற்றியும் யோசித்தேன். நன்னூல் "மக்கள் தேவர் நரகர் உயர்திணை" என்கிறது. அங்கே தேவர் என்பது மனிதர் மாதிரி, நரகர் மாதிரி ஒரு வகை. இந்திரன் முதலானவர்கள் அதில் அடங்குவார்கள். பதி அந்த வகைக்குள் வருவதில்லை. தமிழில் தேவர், கடவுள், இறைவன், பதி என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எழுத்தின் அளவை மாற்றிச் சமாளிக்கிறார்கள். தேவர்களுக்குச் சின்ன ஜி போடட்டும், எனக்கு மறுப்பில்லை. சிவபெருமானைப் பதி என்ற பொருளில் சொல்லும் இடத்தில் பெரிய ஜி இருக்க வேண்டும். அச்சுமை ஐயா சொன்னதும் இதுதான் என்று இப்போது விளங்குகிறது. அன்றைக்கு ஓரத்தில் எழுதியவருக்கு 57 வருடம் கழித்து இதைச் சொல்ல முடிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

ஆனால் ஒரு வேண்டுகோள். இறைவனைச் சுட்டும் 'ஹி', 'ஹிஸ்' என்ற சொற்களுக்கு மலரில் பெரிய எச் வேண்டும்.

■ மும்மொழி (நுகேகொடை)

சேர், அருமையாக எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை.

சிவபுராணம் ஓதும்போது நாங்கள் இறைவனை 'அவன்' என்றுதான் சொல்கிறோம். குருக்களை 'அவர்' என்போம், கோவில் தலைவரை 'அவர்' என்போம், நல்லூரில் இருப்பவரை மட்டும் 'நல்லூரான்' என்போம். மனிதருக்குக் கொடுக்கும் மரியாதை விகுதியைக்கூட எடுத்துவிட்டுக் கிட்டப் போய் நிற்கிறது தமிழ். ஆங்கிலத்தில் அந்த 'அவன்'மேல் பெரிய எச்சை ஏற்றினால் அந்த நெருக்கம் போய்விடும் என்று எனக்குப் படுகிறது. 1611இல் வந்த ஜேம்ஸ் அரசரின் ஆங்கில வேதாகமமும் கடவுளைச் சுட்டும் இந்தச் சொற்களுக்குச் சின்ன எழுத்துத்தான் போட்டது.

■ பதிபசுபாசம் (கொட்டாஞ்சேனை)

பிள்ளை சொல்வது நியாயம். ஆனாலும் தமிழ் தெரியாத பேரப்பிள்ளை ஒன்று அந்தப் பக்கத்தை வாசிக்கப் போகிறது. 'அவன்' என்று கேட்டவுடன் எங்களுக்கு யார் என்று தெரியும். ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு 'ஹி' என்றால் முன் வரியில் வந்த குருக்களாகவும் இருக்கலாம். பெரிய எச் இருந்தால் நின்று யோசிக்கும். மரியாதைக்காகக் கேட்கவில்லை, அந்தப் பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

■ நிரல்13 (கொழும்பு 13)

நான் மென்பொருள் வேலை. அலைகரை அக்கா, தட்டச்சுப் பிரதியை அச்சகத்துக்குக் கொடுக்கமுன் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள்.

முதலாவது, தலைப்புகளைக் கணினியிடம் விட்டுத் தானாகப் பெரிய எழுத்தாக்காதீர்கள். ஆலயங்களின் பட்டியல் ஒன்றுக்கு நான் பைத்தன் நிரலில் அப்படி ஒரு கட்டளை கொடுத்தேன். அது ஒவ்வொரு துண்டின் முதலெழுத்தையும் பெரிதாக்கும். 'செயின்ட் அந்தனிஸ்' என்ற பெயரில் மேற்கோட்டுக் குறிக்குப் பிறகு வரும் எஸ்ஸையும் தனித் துண்டாக நினைத்துப் பெரிதாக்கிவிட்டது. பட்டியலில் இருந்த எல்லாப் புனிதர்களின் பெயரிலும் அப்படி. வெளியே போன பிறகுதான் கண்டேன்.

இரண்டாவது தமிழ்ப் பக்கத்துக்கு. 'ஸ்ரீ' என்ற எழுத்து திரையில் ஒரே மாதிரித் தெரியும், உள்ளே இரண்டு விதமாக இருக்கலாம். பழைய விசைப்பலகைகள் ஸகரத்தை வைத்து அதை உருவாக்கும். யூனிகோட் 2005இல் தமிழுக்கு 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்த பிறகு, புதியவை சில அதை வைத்து உருவாக்குகின்றன. கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. மலரை இணையத்திலும் போடுவதாக இருந்தால் 'ஸ்ரீ' என்று தேடும் ஒருவருக்கு உங்கள் கோவில் பாதிப் பக்கங்களில் அகப்படாமலே போகலாம். எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்றிவிடுங்கள். எனக்கு அனுப்பினால் பத்து நிமிடத்தில் செய்து தருவேன்.

■ மருதமுனைப் பொடியன்

கோயிலா கோவிலா என்பதையும் ஒரு வகைக்குக் கொண்டுவர வேண்டுமா?

■ அச்சுமை (தெமட்டகொடை)

நன்னூல் விதிப்படி ஓகாரத்துக்குப் பின் வகரம்தான் வரும், கோவில். கோயில் என்பது வழக்கில் நிலைத்தது, அதுவும் பிழையில்லை. பெயர்ப்பலகையில் எது இருக்கிறதோ அதைப் பெயரில் போடுங்கள். மற்ற இடங்களில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே வையுங்கள்.

■ அலைகரை (வெள்ளவத்தை)

நேற்று மாலை மலர்க்குழு கூடியது. இந்த இழையை அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன். மூத்தவர் 'த' விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தானே பேனையால் அந்த 'த'வை வெட்டி ஜியைப் பெரிதாக்கினார். பிறகு நானா எழுதியதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார், அரபு எழுத்தைப் பற்றிய பகுதியை.

கோவிலின் முழுப் பெயர் வரும் இடத்தில் பெரிய கே, மற்ற எல்லா இடத்திலும் சின்னது. மூன்றாம் பக்கத்தில் ஒன்பதில் இரண்டுதான் பெரிதாக மிஞ்சியது. கும்பாபிஷேகம் சின்னது, அட்டையில் விழாவின் தலைப்பாக வரும்போது மட்டும் பெரிது. தேரும் கொடியேற்றமும் பிரசாதமும் சின்னது. சம்மாங்கோடு முழுப் பெயரோடு. ஆகமங்கள் என்று நூல்களைச் சொல்லும்போது பெரிய ஏ. தேவர்கள் என்ற இடங்களில் 'காட்' என்பதை எடுத்துவிட்டுத் 'தேவர்' என்றே ஆங்கில எழுத்தில், சின்ன டியோடு போட்டு, முதல் தடவை வரும்போது விளக்கம் கொடுத்திருக்கிறோம். இது ரீச்சர் ஐயா சொன்னதிலிருந்து வந்தது.

'ஹிஸ்' பற்றித்தான் நேரம் போனது. கடைசியில் தேவார மொழிபெயர்ப்பு வரும் இரண்டு பக்கத்திலும் பெரிய எச், கோவில் வரலாறு சொல்லும் பக்கங்களில் சின்ன எச் என்று முடிவாகியது.

■ மும்மொழி (நுகேகொடை)

ஒரே மலரில் இரண்டு முறையா? அக்கா, எனக்கு அது சரியாகப் படவில்லை.

■ அலைகரை (வெள்ளவத்தை)

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் வரலாற்றுப் பக்கங்களில் இறைவனைச் சுட்டும் சொல் மூன்று இடத்தில்தான் வந்தது, மூன்றிலும் பெயரையே போட்டுவிட்டேன். இப்போது அங்கே எச் பிரச்சினையே இல்லை. தேவாரப் பக்கத்தில் மட்டும் பேரப்பிள்ளைக்காக அது இருக்கட்டும்.

■ மும்மொழி (நுகேகொடை)

அப்படியென்றால் சரி.

■ அச்சுமை (தெமட்டகொடை)

தங்கச்சி, அட்டையை அச்சுக்குக் கொடுக்கமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உள்ளே எவ்வளவு பார்த்தாலும் அட்டையில்தான் பிழை தப்பிப் போகும். பெயர்ப்பலகையையும் நேரே நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், 'ஈஸ்வரர்' என்பதை அவர்கள் ஆங்கிலத்தில் எச் சேர்த்து எழுதியிருக்கிறார்களா, சேர்க்காமலா என்று பார்க்க வேண்டும்.

■ அலைகரை (வெள்ளவத்தை)

படம் எடுத்தேன் அண்ணை. முன்வாசல் பலகையில் எச் இல்லை, பக்கவாசல் பலகையில் எச் இருக்கிறது. இரண்டையும் அனுப்புகிறேன். முன்வாசலில் உள்ளதையே எடுக்கலாம் என்று நினைக்கிறேன், திருப்பணிக் கல்வெட்டிலும் எச் இல்லாமல்தான் வெட்டியிருக்கிறார்கள்.